பூ வராத காலத்து இலை

போன வாரம் நம் ஏழாம் வகுப்புக் குழுவில் ஒரு வீடியோ வந்தது. முட்டி வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்ற பெரிய விவாதத்துக்கு நடுவே வந்ததால் சிலர் பார்த்திருக்க மாட்டீர்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு தம்பி, கம்பெனி கேட்டுக்கு எதிரே இருக்கும் கிணற்றடியம்மன் கோயில் வாசலில் நின்றுகொண்டு, பின்னால் உடுக்கைச் சத்தம் ஓட, உங்களை உறைய வைக்கும் வரலாறு என்று ஆரம்பிக்கிறார். ஏதோ ஒரு ராஜா படையோடு இந்தப் பக்கம் போனாராம். தாகம் எடுத்ததாம். கனவில் அம்மன் வந்து இங்கே தோண்டு என்றாளாம். ஆயிரம் வருஷத்துச் சாமியாம். அம்மனுக்குத் தண்ணீர் என்றால் கொள்ளைப் பிரியமாம், அதனால்தான் தினம் குடம் குடமாக அபிஷேகமாம்.

நீங்கள் எல்லோரும் வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தீர்கள். நான் போடவில்லை. கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி மட்டும் தனியாகக் கேட்டாள், அது உங்கள் வீட்டுக் கழனிக் கிணறு இருந்த இடம்தானே, நீ ஏன் ஒன்றும் போடவில்லை என்று. மூன்று நாள் அவளுக்குப் பதில் எழுதாமல் இருந்தேன். இப்போது எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். ஷிப்ட் பஸ்ஸில் போகும்போது படித்துக்கொள்ளுங்கள்.

ராஜா யாரும் வரவில்லை. வந்தது ஒரு காலேஜ் படிக்கிற பையன், வாடகை சைக்கிளில்.

1991, முழு ஆண்டுத் தேர்வு முடிந்த லீவு. அந்த வருஷம் ஏரி பங்குனியிலேயே வறண்டுவிட்டது, நினைவிருக்கிறதா? ஏரிக்குள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். அப்பா கிணற்றை ஆழப்படுத்த ஆள் வைத்தார். முப்பது அடிக்குக் கீழே வெள்ளையும் வெளிர் மஞ்சளுமாக ஒரு கல் வந்தது. கடப்பாரை பட்டால் உடையாது, பழைய நோட்டுப் புத்தகம் மாதிரி ஏடு ஏடாகப் பிரியும். இதில் எங்கே ஊற்று வரப்போகிறது என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். எங்களுக்கோ கொண்டாட்டம். அந்தக் கல்லால் தரையில் கட்டம் கிழித்தால் சாக்பீஸ் தோற்கும். கிணற்று மேட்டிலேயே பாண்டி ஆடினோம். என் சில்லும் அந்தக் கல்தான். தட்டையாக, வட்டமாக, எறிந்தால் எறிந்த கட்டத்தில் உட்காரும். அதன் ஒரு பக்கத்தில் சீப்புப் பல் மாதிரி வரிவரியாக ஏதோ இருந்தது. அது என்ன என்று நான் யோசித்ததே இல்லை. அதை வைத்து உங்களில் பாதிப் பேரைத் தோற்கடித்திருக்கிறேன் என்பது மட்டும் தெரியும்.

சைக்கிளில் வந்தவர் அந்தச் சில்லைப் பார்த்துவிட்டு வண்டியை அப்படியே கீழே போட்டார். ஸ்டாண்டு போடவில்லை. மண்ணில் மண்டி போட்டு, அதைக் கையில் எடுத்து, நாக்கில் விரலைத் தொட்டு அந்த வரிகளின் மேல் தடவினார். வரிகள் கறுத்து எழுந்தன. ஒரு இலை.

"இத எனக்குத் தருவியா பிள்ளே?" என்றார்.

மாட்டேன் என்றேன். ராசியான சில்லை யாராவது கொடுப்பார்களா?

அவர் பேச்சு எனக்குப் பாதிதான் புரிந்தது. நாகர்கோவிலுக்கும் தெற்கே ஒரு ஊர் என்றார். எங்களுக்குத் தெற்கு என்றால் செங்கல்பட்டு, அதற்கு அப்புறம் உலகம் இருக்கிறதா என்றே சந்தேகம். மெட்ராஸில் கல்லைப் பற்றிப் பெரிய படிப்பு படிக்கிறார், இந்த வட்டாரத்துக் கிணறு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறார் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பாவை அண்ணாச்சி என்று கூப்பிட்டதுதான் தப்பாகிவிட்டது. "நான் இன்னா மளிகைக் கடையா வெச்சிகினு கீறேன்?" என்று அப்பா உள்ளே வந்து அம்மாவிடம் பொருமினார். ஆனாலும் மரியாதை தெரிந்த பிள்ளை என்று பம்ப்செட் ரூமில் தங்கிக்கொள்ளச் சொன்னார். சாப்பாடு எங்கள் வீட்டில். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கல்லண்ணா.

கல்லண்ணாவின் பொருட்களை நான் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு அடுக்கிக் காட்டுவேன். ஒரு பக்கம் தட்டையான சுத்தியல். மூன்று உளி. கயிறு கட்டிய லென்ஸ், அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ள எங்களுக்குள் சண்டை வரும். இந்தியன் இங்க் பாட்டில். பல் தேய்க்கிற பிரஷ் நான்கு, ஒன்றாலும் அவர் பல் தேய்த்ததில்லை. கிணறுகளையும் ரோடுகளையும் பென்சிலால் வரைந்து, பார்த்த கிணற்றுக்கெல்லாம் சிவப்பில் பெருக்கல் குறி போட்ட ஒரு பெரிய மேப். கல் போட்டு வைக்க அம்மா அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சின்னச் சின்னப் பைகள் தைத்துக் கொடுத்தாள்.

எந்தக் கல்லை எடுத்தாலும் அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு விஷயம் எழுதுவார்: எண், யார் கிணறு, எத்தனை அடி, கண்டெடுத்தவர் பெயர். கிணறு வெட்டுகிற ஆட்களின் பெயரைக்கூட விடாமல் கேட்டு எழுதுவார். எல்லாம் காலேஜ் அலமாரியில் இருக்கும், நூறு வருஷம் கழித்து வருகிறவனும் படிப்பான் என்பார். எனக்கு அந்த ஆசை பிடித்துக்கொண்டது. ஸ்கூல் ரிஜிஸ்டரைத் தவிர என் பெயர் எங்கேயும் எழுதப்பட்டதில்லை.

நாங்கள் மேட்டில் குந்திக்கொண்டு கற்களைத் தட்டுவோம். அது ஒரு சங்கீதம். சந்தையில் அம்மா பானை வாங்கும்போது விரலை மடக்கித் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பாளே, அதே மாதிரிதான். நல்ல கல் டிங் என்னும், விரிசல் விட்டது டப் என்னும். இரண்டுக்கும் நடுவே ஒரு சத்தம் உண்டு. அந்தக் கல்லுக்குள் ஏடு பிரியக் காத்திருக்கிறது என்று அர்த்தம். கல்லண்ணா வேலை செய்யும்போது சர்ச்சில் பாடுகிற ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள் முனகிக்கொண்டே இருப்பார். எனக்கு அந்த நடுச் சத்தம் கிடைத்துவிட்டால் பாட்டு நின்றுவிடும்.

அப்படித்தான் ஒரு நாள் என் புத்தகப்பை அகலத்துக்கு ஒரு பலகைக் கல்லைத் தட்டிவிட்டு அவரைக் கூப்பிட்டேன். விளிம்பில் உளியை வைத்து இரண்டே தட்டு. கல் புத்தகம் மாதிரி திறந்தது. இரண்டு பக்கமும் அதே இலை, ஒன்றில் மேடாக, ஒன்றில் பள்ளமாக. என் முழங்கை நீளம். காம்பின் அடியில் மொட்டு மாதிரி உருண்டையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

பூ மொட்டா என்று கேட்டேன். இல்லை என்றார். இது உயிரோடு இருந்தபோது இந்தப் பக்கத்தில் பூ என்ற ஒன்றே வரவில்லை, மல்லிகை, சாமந்தி, பூசணி எதுவும் கிடையாது, இது விதை கட்டுகிற வேறு ஏதோ ஒரு உறுப்பு என்றார். இது பத்துக் கோடி வருஷத்துக்கும் முந்தியது என்றார்.

"அப்ப சாமிக்கு இன்னா வெப்பாங்க?"

"வைக்கதுக்கு ஆளே கெடயாது பிள்ளே" என்று சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று நினைத்தேன். இலை எல்லோருக்கும் கிடைத்திருக்கிறது, அந்த உருண்டையும் தனியாகக் கிடைத்திருக்கிறது, இரண்டும் ஒட்டினபடி ஒருத்தருக்கும் கிடைக்கவில்லை, இரண்டும் ஒரே செடி என்று அவர் எழுதியதை அவருடைய புரொபசர் இரண்டு வருஷமாக ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவிடம் சாப்பிடும்போது சொன்னார். இந்த ஒரு கல் போதுமாம், படிப்பு முடிந்துவிடுமாம். இதற்கு மட்டும் பெயரை அவர் எழுதப்போவதில்லை, சுத்தம் செய்து முடித்ததும் நானே என் கையால் எழுத வேண்டும் என்றார். அன்றைக்கு ராத்திரி நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க என் பெயரை எழுதிப் பழகினேன்.

அதற்கு அப்புறம், அந்த மே மாதத்து ராத்திரி, பெரும்புதூர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வேண்டியதில்லை.

விடிந்தபோது ரேடியோவில் பாட்டு இல்லை. செய்தி வாசிப்பார்கள், பிறகு வீணை, பிறகு ஷெனாய், மறுபடி செய்தி. நாள் கணக்கில் அப்படியே ஓடியது. பஸ் இல்லை, கடை இல்லை. இத்தனை நாள் மெட்ராஸ்காரர்களுக்கே வழி சொல்ல வேண்டியிருந்த ஊர்ப் பெயரை வெளிநாட்டில் எல்லாம் சொல்கிறார்களாம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சில் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது. இன்றைக்கும் எங்கேயாவது ஷெனாய் கேட்டால் எனக்குக் கிணற்று மேட்டு வெயில்தான் ஞாபகம் வரும்.

ஜீப்புகள் வர ஆரம்பித்தன. புதிதாக யார் வந்தார்கள், யார் தங்கினார்கள், யார் பேச்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று ஒவ்வொரு ஊரிலும் கேட்டார்கள். யார் பேச்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டால் நம் ஊரில் யாரைச் சொல்வார்கள்? நாகர்கோவில் பேச்சுக்கும் சிலோன் பேச்சுக்கும் வித்தியாசம் சொல்ல நம்மில் யாருக்குத் தெரியும்? டீக்கடையில் ஒருவர் சொன்னார், அந்தக் கல்லுக்காரன் பேசுவது சிலோன் ரேடியோ மாதிரியே இருக்கிறது என்று. அடுத்த நாள் அது மாதிரியே என்பது போய், அவன் சிலோன்காரன்தான் என்று ஆகிவிட்டது. சிவப்புக் குறி போட்ட மேப் வேறு.

கல்லண்ணாவுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். திறந்த கல்லின் ஒரு பாதியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, இன்னொரு பாதியைத் துணியில் சுற்றி அம்மாவிடம் கொண்டுவந்தார்.

"அக்கா, ரெண்டும் ஒரே எடத்துல இருக்கண்டாம். இத மட்டும் நீங்க பாத்துக்கணும்."

அம்மா அதைத் தவிட்டுப் பானைக்குள் வைத்து மூடினாள்.

அப்பா அந்த இரண்டு நாளும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் தலையாரியோடு சைக்கிளில் போனார். எங்கே என்று அம்மா கேட்டதற்கு, "நம்ம எடத்துல தங்கிகினு கீறான். அவங்களா கண்டுபுடிச்சா நம்மளத்தான் மொதல்ல தூக்குவாங்க. நாமளே போயி சொல்லிட்டா நமக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அதற்கப்புறம் ரொம்ப நாள் அம்மா அப்பாவிடம் நேராகப் பேசவே இல்லை. சோறு போட்டு வைத்திருக்கிறது என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

மத்தியானம் ஜீப் வந்தது. அவர்கள் கத்தவில்லை, அடிக்கவில்லை. மேப்பை விரித்துப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெட்டி, சுத்தியல், நோட்டுகள், அம்மா தைத்த பைகள், எல்லாவற்றையும் ஏற்றினார்கள். கல்லண்ணா திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைச் சொன்னார், பெட்டியைப் படுக்கப் போடாதீர்கள், உடைந்துவிடும் என்று. அவருக்குத் தன்னைப் பற்றிய கவலையே வரவில்லை. நான் ஓடிப்போய் என் சில்லை அவர் கையில் திணித்தேன். ஏன் செய்தேன் என்று தெரியாது. கேட்டபோது கொடுக்கவில்லையே என்று இருந்தது. அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒரு பாண்டிச் சில்லை யாரும் பிடுங்கவில்லை.

மறுநாள் காலை தலையாரி வீட்டம்மா வந்து, வீட்டையும் சோதனை போட வருகிறார்கள், அவன் பொருள் எது இருந்தாலும் எடுத்துப்போவார்களாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா தவிட்டுப் பானையில் கையை விட்டுக் கல்லை எடுத்து முந்தானையில் மூடிக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாள். என்னை மஞ்சள் டப்பாவையும் குங்குமத்தையும் எடுத்து வரச் சொன்னாள். கிணற்று மேட்டு வேப்பமரத்தடியில் மூன்று செங்கல் வைத்து, கல்லை நிமிர்த்தி நிறுத்தி, மஞ்சளைக் குழைத்து அப்பினாள்.

"இன்னாமா பண்ற?"

"சாமி பண்றேன். வாய மூடிகினு கொடத்த எடுத்தா."

இலை இருந்த பள்ளமெல்லாம் மஞ்சளில் மூடியது. நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. வேப்பிலைக் கொத்து, என் தலையிலிருந்த கனகாம்பரம், ஒரு அகல் விளக்கு. எல்லாம் கால் மணி நேரத்தில். பூ வராத காலத்து இலைக்குப் பூ வைத்தாகிவிட்டது.

வந்த அதிகாரி வீட்டைக் கவிழ்த்துப் போட்டார். தவிட்டுப் பானையைத் தரையில் கொட்டிப் பார்த்தார். பிறகு கிணற்றடிக்கு வந்தார். அவர் மரத்தடியைப் பார்த்தார். ஷூவைக் கழற்றினார். எந்த அம்மன் என்று கேட்டார். கிணற்றடியாள் என்றாள் அம்மா, கண்ணைக்கூட இமைக்காமல். அவர் குனிந்து குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார். அந்த நிமிஷத்தில் என் அம்மாவை மாதிரி ஒரு கெட்டிக்காரி இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இரண்டு நாள் விட்டுக் கல்லை மறுபடி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்பது அம்மாவின் கணக்கு. ஆனால் அன்று சாயங்காலமே கோடை மழை கொட்டித் தீர்த்தது. அடுத்த நாள் எதிர் வீட்டுப் பசு, இரண்டு தடவை கன்று தவறினது, நல்லபடியாக ஈன்றது. மூன்றாம் நாள் அம்மா போனபோது அங்கே ஆறு பெண்கள் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யாரோ மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள். இது அந்தப் பையனுடைய கல் என்று சொன்னால் ஜீப் திரும்ப வரும். சொல்லாவிட்டால் கல் ஊர்ச் சாமி. புலி வாலைப் பிடித்த கதையாகிவிட்டது அம்மாவுக்கு. அங்கேயே பத்திரமாக இருக்கும், யாரும் தொட மாட்டார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

நான் ஒரு வேண்டுதல் வைத்தேன். கல்லண்ணா திரும்பி வருகிற வரைக்கும் தினம் காலையில் ஒரு குடம் தண்ணீர். என் இடுப்புக்கு அந்தக் குடம் பெரிது. அலம்பாமல் தூக்கிப் போய், மெதுவாக, தலையிலிருந்து வழிகிற மாதிரி ஊற்றுவேன். முதல் சில நாள் மஞ்சள் கரைந்து ஓடும்போது அடியில் இலை கறுத்து எழும். அவர் விரலால் தடவினால் எழுமே, அதே மாதிரி. அதைப் பார்க்கத்தான் நான் ஓடுவேன். இலை தெரிந்தால் அவர் சௌக்கியமாக இருக்கிறார் என்று நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். போகப் போகப் பெண்கள் எல்லோரும் மஞ்சள் பூசிப் பூசி, மேலே ஏடு கட்டிவிட்டது. இலை தெரியவில்லை. உள்ளே பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றினேன். ஸ்கூல் திறந்த பிறகும் ஒரு நாள் தவறவில்லை. உங்களில் சிலர் என்னோடு வந்திருக்கிறீர்கள்.

கல்லைத் தண்ணீரில் வைக்காதே என்று கல்லண்ணா ஒருபோதும் சொன்னதில்லை. ஒரு கல்லுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. நமக்கோ, மரத்தடியில் கல்லைக் கண்டால் வேறென்ன செய்யத் தெரியும்?

ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற அன்று அவர் வந்தார். நடந்தே வந்தார். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தது, கண்ணாடியின் ஒரு பக்கக் காம்புக்குப் பதில் நூல் கட்டியிருந்தது. கிணற்றடியில் பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அகப்பையைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டாள். "வா தம்பி" என்று மட்டும் சொன்னாள். அப்பா அவரைப் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்துவிட்டார். கல்லண்ணா இரண்டு சொம்பு கூழ் குடித்தார். எங்கே வைத்திருந்தார்கள், எத்தனை நாள், எதையும் சொல்லவில்லை. பெட்டி திரும்பக் கிடைக்கவில்லை, அதற்குள்ளே இருந்த பாதியும் போயிற்று என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த இன்னொரு பாதி இருக்கிறதா என்று கேட்டார்.

அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருத்தரைத் தொட விடவில்லை என்று அவர் காதோடு சொன்னாள். கூட்டம் கலைகிற வரை காத்திருந்து, எங்கள் இருவரையும் கூட்டிப்போய், மாலையை எடுத்தாள், வேப்பிலையை எடுத்தாள், யாரோ சாத்தியிருந்த சிவப்புப் பாவாடையை எடுத்தாள். மஞ்சள் ஏட்டை நகத்தால் பெயர்த்தாள். அது ஓடு மாதிரி வந்தது. உள்ளே கல் இல்லை. குழைந்த களிமண் மாதிரி வெளிர் மஞ்சளில் ஒரு மேடு இருந்தது. அம்மாவின் விரல் அதற்குள் இறங்கியது.

கல்லண்ணா குந்தினார். பழக்க தோஷத்தில் நாக்கில் விரலைத் தொட்டு அதன் மேல் தடவினார். ஒன்றும் எழவில்லை. இன்னொரு இடத்தில் தடவினார்.

"யாரு தண்ணி ஊத்துனது?" என்றார்.

"நான்தான். நீங்க வரணும்னு. ஒரு நாள்கூட வுடல."

அவர் என்னையே பார்த்தார். அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அவர் அம்மாவைப் பார்த்து வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிறகு கூழுக்கு வெங்காயம் மடித்து வந்த பேப்பரைக் கேட்டு வாங்கி, உதறி, அந்த மண்ணிலிருந்து ஒரு கை அள்ளி வைத்து நான்கு மடிப்பாகப் பொட்டலம் கட்டினார். என் ஸ்கூல் பேனாவைக் கேட்டார். எண் போட்டார். எங்கள் கிணறு என்று எழுதினார். முப்பத்து நான்கு அடி என்று எழுதினார். பேனாவை என்னிடம் கொடுத்தார்.

"எழுது பிள்ளே. ஒனக்க கல்லாக்கும்."

எழுதினேன். கிளம்பும்போது சட்டைப்பையிலிருந்து என் சில்லை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். அதை வைத்து நான் மறுபடி பாண்டி ஆடினேன். பொங்கலுக்குள் வரிகள் தேய்ந்து, அது வெறும் சில்லாகிவிட்டது.

ஐப்பசி மழை பிடித்தது. நான்காம் நாள் கிணற்று மேட்டுக்குப் போனேன். வெட்டிக் கொட்டியிருந்த அந்த வெள்ளைக் கல் குவியல் கணுக்கால் புதையும் சேறாகிக் கழனிக்குள் வழிந்துகொண்டிருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், நான்தான் கரைத்துவிட்டேன் என்று அழுதேன்.

"அன்னிக்கே தெரியும்டி" என்றாள் அம்மா. "அந்தப் புள்ளதான் கொழந்தைக்குச் சொல்லாதன்னு கைய காட்டிச்சி."

தை மாதம் அம்மா பெயருக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. படிப்பை விட்டுவிட்டதாகவும், ஊரிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதாகவும், பிள்ளையின் பொட்டலத்தை மட்டும் காலேஜ் அலமாரியில் கொண்டுபோய் வைத்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். நான்தான் உரக்கப் படித்தேன். அப்பா வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் கிணற்றடியம்மனைக் கடைசி வரை கும்பிடவில்லை. கறுப்புச் சட்டைக் கட்சிக்காரர்களோடு சேர்ந்து சாமியை விட்டுவிட்டார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தால், நிலப் பட்டாவுக்குள் மடித்து வைத்திருந்தது அந்தப் போஸ்ட் கார்டு. அப்பா பயந்தார், அவ்வளவுதான். அந்த வாரத்தில் பயப்படாத வீடு எது?

அப்புறம் நடந்தது உங்களுக்கும் நடந்ததுதான். கழனி போயிற்று, கம்பெனி வந்தது, கிணறு தூர்ந்தது. அம்மனை மட்டும் அசைக்கக் கூடாது என்று ஊர் பிடிவாதம் பிடிக்க, கம்பெனிக்காரர்களே கருங்கல் சிலை செய்து கோயில் கட்டிக் கொடுத்தார்கள். பழைய மண்ணைப் பீடத்துக்கு அடியில் வைத்துப் பூசிவிட்டார்கள். நான் அதே கம்பெனி கேன்டீனில் பன்னிரண்டு வருஷமாக மேற்பார்வை பார்க்கிறேன். காலை ஷிப்டுக்கு இறங்கும்போது பிள்ளைகள் எல்லோரும் ஐடி கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அம்மனைக் கும்பிட்டு ஓடுவார்கள். குருக்கள் குடத்தைத் தூக்கினால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கல்லண்ணாவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு முப்பது வருஷத்துக்கு மேலாக ஆசை. போஸ்ட் கார்டில் விலாசம் இல்லை. பார்த்தால் என்ன சொல்வேன் என்றும் தெரியவில்லை. அவர் இருந்தால் அறுபதைத் தாண்டியிருப்பார்.

இவ்வளவு எழுதியதற்குக் காரணம் உண்டு. நம் கிளாஸ் லீடரின் மகள் மெட்ராஸில் அதே படிப்பு படிக்கிறாள் என்று அவன் போன மாதம் போட்டோ போட்டிருந்தான். அவளிடம் கேட்டுச் சொல்லப்பா. அந்தப் படிப்பு இருக்கிற காலேஜ்களில் பழைய அலமாரிகள் ஏதாவது இருந்தால் ஒரு தடவை பார்க்கச் சொல். கல்லெல்லாம் பெட்டியில் இருக்கும், இது மட்டும் பேப்பர் பொட்டலம். மேலே முப்பத்து நான்கு அடி என்று நீல மசியில் இருக்கும். அதற்குக் கீழே, கண்டெடுத்தவர் என்ற இடத்தில், ஏழாம் வகுப்புக் கையெழுத்தில் என் பெயர். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கோணாமல், குண்டு குண்டாக, அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருப்பேன்.

கிடைத்தால் பிரிக்க வேண்டாம். இருந்த இடத்திலேயே இருக்கட்டும். தண்ணீர் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்.